சிங்கம் கேட்கும் போர்ஷன்

மெட்ராஸில் எங்கே தங்குவது என்று எங்கள் வீட்டில் பதினைந்து நாள் பேசினோம். போகத்தான் வேண்டுமா என்று கேட்டவள் அம்மா ஒருத்திதான். அவளும் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த குருவிநத்தத்தில் ஆற்றை ஒட்டி எங்களுக்குக் கரும்பும் நெல்லும் இருந்தன. யுத்த காலம். எங்கள் ஊரில் யுத்தம் என்பது மண்ணெண்ணெய் கிடைக்காததும் சைகோனிலிருந்து கடிதம் வராததும்தான். அம்மாவின் அண்ணன் சைகோனில் இருந்தார். மாதம் தவறாமல் எழுதுகிறவர். கடிதம் நின்று நான்கு மாதமாகியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தபால்காரர் வரும் வேளைக்கு எந்த வேலையில் இருந்தாலும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள்.

அந்த மாசியில் தங்கைக்கு முறைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கிடந்தாள். முடியெல்லாம் கொட்டிப்போயிற்று. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவள் கண்ணே திறக்கவில்லை. அன்றைக்கு அப்பா அவள் காதருகே குனிந்து, எழுந்து உட்கார்ந்தால் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ச் சிங்கம் காட்டுவதாகச் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்த முதல் நாளே கேட்டது, சிங்கம் எங்கே என்றுதான்.

அப்பா வாக்குக் கொடுத்தால் ஊரறியக் கொடுப்பவர். கரும்பாலை ஓய்ந்ததும், சித்திரை பிறப்பதற்குள் குடும்பத்தோடு மெட்ராஸ் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பாகூரில் துணி எடுத்து எங்களுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தார். எங்கள் தெருவில் அதுவரை கோர்ட்டு வழக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஆட்கள் மெட்ராஸ் போயிருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக யாரும் போனதில்லை.

சித்தப்பா மெட்ராஸில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் குடியிருந்தது ஒற்றை அறை வீடு. அதில் அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். நாங்களும் போய் அங்கே அடைய முடியாது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் இடங்கள் இருக்கின்றன, விசாரித்து எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். மூன்று இடம். அப்பா அந்தக் கடிதத்தை எத்தனை முறை உரக்கப் படித்தாரோ, எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒன்று திருவல்லிக்கேணியில். கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஆனால் நான்கு குடும்பத்துக்கு ஒரே சமையலறை. இன்னொன்று மயிலாப்பூரில், கோயில் குளத்தை ஒட்டி. சமையலறை தனி, தண்ணீர் மட்டும் பொதுக் கிணற்றில் இறைக்க வேண்டும். மூன்றாவது பெரியமேட்டில் ஒரு மாடி வீடு. எட்டுப் போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் சமையலறை, குழாய், கக்கூஸ் எல்லாம் தனித்தனி. பாத்திரம்கூட அவர்களே தருவார்கள். அதற்கடுத்த வரியில் சித்தப்பா எழுதியிருந்தார்: மிருகக்காட்சி சாலை பக்கத்தில்தான், மாடி மூலைப் போர்ஷனில் இருந்தால் விடியற்காலையில் சிங்கம் கத்துவது கேட்கும்.

அப்பாவுக்குத் திருவல்லிக்கேணி. அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் அவருக்கு. அடுத்த வீட்டுக்காரிகளோடு அடுப்புக்கு நிற்க என்னால் முடியாது என்றாள் அம்மா. மயிலாப்பூர் அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் காய்ச்சலில் எழுந்த பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகுமா என்று யோசித்தாள். தங்கைக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியில் பெரியமேடு என்று முடிவாயிற்று. அப்பா பதில் எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் ரோட்டில், மெட்ராஸிலிருந்து சாமான் ஏற்றிய வண்டிகள் வருவதாக ஆட்கள் சொன்னார்கள். கட்டில், அம்மி, தையல் மெஷின், பசு மாடுகூட. ஒரு நாள் எங்கள் தெருவுக்கே ஒரு குடும்பம் வந்தது, யாரோ உறவுக்காரர் வீட்டை விசாரித்துக்கொண்டு. அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் முதல் தடவை கேட்டாள்.

"அங்க இருக்கறவங்க எல்லாம் இங்க வர்றாங்க. நாம இன்னாத்துக்கு அங்க போறோம்?"

அப்பா சிரித்தார். பணக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுவார்கள், ஜப்பான்காரன் எங்கே இருக்கிறான், மெட்ராஸ் எங்கே இருக்கிறது என்றார். மறுநாளும் அவள் கேட்டபோது, ஊர் காலியாக இருந்தால் நமக்கு நல்லதுதானே, நெரிசல் இல்லாமல் பார்க்கலாம் என்றார்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் சித்தப்பாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நான்தான் வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் களத்துமேட்டில் நின்றபடியே படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இடம் முடிச்சிட்டானாம், ஸ்டேஷனுக்கு வந்துடறேன்னு எழுதியிருக்கான்" என்றார். வழக்கமாக உரக்கப் படிப்பவர் அன்றைக்குப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எனக்கு வயது போதவில்லை.

விடிந்தும் விடியாததுமாக வண்டி கட்டி ஆற்றைக் கடந்தோம். பங்குனிக் கடைசி. ஆற்றில் மணல்தான். அக்கரையில் இங்கிலீஷ்காரர் எல்லையில் சுங்கச்சாவடி. சேவகர் எங்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, முறுக்குத் தூக்கையும் பொடி டப்பாவையும் கிளறிப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அப்பா மெட்ராஸ் என்றதும் கையை எடுத்துக்கொண்டு எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, பார்க்கப் போகிறோம் என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் சோதிக்கவில்லை. பெட்டியை மூடி அவரே வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தச் சாவடியில் அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

கடலூரில் ரயில் ஏறினோம். எங்கள் பெட்டியில் எங்களைத் தவிர மூன்று பேர். தங்கை ஒரு பலகை முழுவதிலும் நீட்டிப் படுத்துக்கொண்டாள். பார்த்தாயா எவ்வளவு வசதி என்றார் அப்பா. விழுப்புரத்தில் எதிர்ப்பக்கம் மெட்ராஸிலிருந்து வந்த ரயில் நின்றுகொண்டிருந்தது. அதன் கூரை மேல் ஆட்கள். ஜன்னல் வழியே ஒரு பெண் வெளியே பாதி, உள்ளே பாதியாகத் தொங்கி, யாரோ தண்ணீர் கொடுப்பார்களா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. எங்கள் ரயிலில் இருந்த ஒருவர் ஜன்னலை இறக்கிவிட்டார். அம்மா முந்தானையால் தங்கையின் மொட்டைத் தலையைப் போர்த்திவிட்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எழும்பூரில் இறங்கும்போது மத்தியானம். நாங்கள் இறங்கிய ரயிலில் ஏறுவதற்கு எங்களை மிதித்துக்கொண்டு வந்தது கூட்டம். சித்தப்பா தூணோரம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சந்தோஷப்படவில்லை. "வந்துட்டீங்களா அண்ணே" என்றார். அவ்வளவுதான். சித்தி எங்கே, பிள்ளைகள் எங்கே என்று அம்மா கேட்டாள். போன வாரமே அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் அண்ணி என்றார். அப்பா கூலிக்காரனைத் தேடுவதாக அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஜட்கா வண்டியில் போகும்போது தெருவெல்லாம் பகலிலேயே கதவடைத்துக் கிடந்தது. வீட்டுக்கு வீடு பூட்டு. சில கதவுகளில் சுண்ணாம்பால் ஏதோ எழுதியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த நாய் எங்கள் வண்டி போகும் வரை எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பெரியமேட்டு வீடு சித்தப்பா எழுதியது போலத்தான் இருந்தது. பெரிய மாடி வீடு, நடுவில் முற்றம். மாடிப்படிக்குக் கீழே மணல் நிரப்பிய வாளிகள் வரிசையாக இருந்தன. ஜன்னல் கண்ணாடியிலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வீட்டைக் கவனித்துக்கொண்டவர் நாற்பது வயது இருக்கும் ஒரு மனிதர். எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்களாம், ஆனால் கூப்பிட யாருமில்லை. சாவிக்கொத்தோடு வந்து, "எது வேணுமோ பாத்து எடுத்துக்குங்க, எட்டும் காலிதான்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் தங்கும் இடத்தை மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுத்தோம். அவர் ஒவ்வொரு கதவாகத் திறக்க, அம்மா உள்ளே போய்ப் பார்த்தாள், நாங்கள் பின்னாலே போனோம். முதல் போர்ஷனில் அடுப்பு மேல் ஒரு குண்டானில் ஊறவைத்த உளுந்து புளித்து நுரைத்திருந்தது. அடுத்ததில் கொடியில் குழந்தைத் துணிகள். காய்ந்து விறைத்துப்போயிருந்தன. அதற்கடுத்ததில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்திருந்தது, பூ கருகியிருந்தது. சாமியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லையே என்றாள் அம்மா, தனக்குத்தானே. மேனேஜர் ஒவ்வொரு இடத்திலும் மன்னிப்புக் கேட்பவர் போல, ஆள் வைத்துச் சுத்தம் செய்யலாமென்றால் ஆளே இல்லை என்றார்.

மாடி மூலைப் போர்ஷன்தான் துப்புரவாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். ஜன்னலைத் திறந்தால் எதிரே மதில், அதற்கு அப்பால் பெரிய பெரிய மரங்கள். அங்கேதான் மிருகக்காட்சி சாலை என்று சித்தப்பா காட்டினார். அம்மா அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், இது போதும் என்றாள். அவள் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. கேட்டதெல்லாம் இருந்தும் அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. வேண்டிய பாத்திரத்தை எடுத்துச் சமைத்தாள், கழுவி அங்கேயே வைத்தாள்.

அன்று சாயங்காலம் மிருகக்காட்சி சாலை வாசலுக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் இன்றைக்கு இல்லை என்றார், நாளைக்கு என்றும் சொல்லவில்லை. தங்கை கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு பாதை தெரிந்தது, பாதையில் சருகு. வேறொன்றும் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது அந்தச் சத்தம் கேட்டது. நான் நினைத்திருந்தது போலக் கர்ஜனையாக இல்லை. அடித்தொண்டையிலிருந்து யாரையோ கூப்பிடுவது மாதிரி, விட்டு விட்டு, ஒன்றைவிட ஒன்று தாழ்ந்துகொண்டே போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தங்கை எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அப்பா அவளைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தினார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகமும் நன்றாக இருந்தது.

அன்றும் கேட் திறக்கவில்லை. கடற்கரைக்குப் போனோம். மணலில் முள்கம்பி போட்டிருந்தார்கள். அலையை ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் அபாயச் சங்கு ஊதியது. தெருவில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரு பழக்கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். பிறகு ஆபத்து நீங்கிற்று என்று மறுபடி ஊதியது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அப்பாவின் கை என் கையை நசுக்கியதில் வளையல் ஒன்று உடைந்திருந்தது, நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா ஓடிவந்தார். எல்லோரும் ஊரை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டதாகவும், கம்பெனி ஆபீஸை உள்நாட்டுக்கு மாற்றுவதாகவும், ஏதாவது ஒரு லாரியில் எங்களைச் செங்கல்பட்டு வரை அனுப்பப் பார்ப்பதாகவும் சொன்னார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான்தான் வராதீங்கன்னு எழுதியிருந்தேனே அண்ணி."

அம்மா ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டையை எடுத்தாள். பையில் கைவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"படிடி."

நான் படித்தேன். அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம், இங்கே நிலைமை நன்றாக இல்லை. என் மனைவி மக்களை ஊருக்கு அனுப்புகிறேன். எந்த நாளில் என்ன நேரும் என்று சொல்வதற்கில்லை. அண்ணியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இப்போது வர வேண்டாம். சிங்கம் எங்கும் போய்விடாது, யுத்தம் முடிந்து வரலாம். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "மேல" என்றாள். மேலே ஒன்றுமில்லை, சித்தப்பாவின் கையெழுத்துத்தான் இருந்தது.

அப்பா ஈரத் துண்டோடு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "புள்ளகிட்டயும் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலியே" என்றாள் அம்மா.

அவள் கத்தவில்லை. அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து, அதே பையில் வைத்து, சட்டையை அவரிடம் கொடுத்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

லாரி பிற்பகலுக்கு மேல்தான் வரும் என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம். காக்கைகளெல்லாம் ஒரே சமயத்தில் மரங்களை விட்டு எழும்பின. இன்னொரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு, சேர்ந்தாற்போல. அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

மேனேஜர் மேலே வந்து கதவருகே நின்றார். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் வெளியே வந்துவிடும் என்று போலீஸ்காரர்கள் சுடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். எதையெல்லாம் என்று அப்பா கேட்டார். "ஆளைக் கடிக்கிறது எல்லாத்தையும்" என்றார் அவர். மேனேஜர் அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவர். படிக்கட்டில் பாதி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என்ன சத்தம் என்று தங்கை கேட்டாள். கல்யாண வீட்டில் வெடி வைக்கிறார்கள் என்றாள் அம்மா.

"சிங்கம் பயந்துக்கும்ல?" என்றாள் தங்கை.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அவர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தங்கை காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்த அன்றுகூட அவர் அழவில்லை. அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தங்கையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டாள். இடையிடையே நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு பறவைச் சத்தம்கூட வரவில்லை.

லாரி இருட்டுவதற்குச் சற்று முன் வந்தது. தோல் மூட்டைகளுக்கு நடுவே எங்களோடு முப்பது பேர் இருந்தார்கள். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இரண்டு பகல் கிடந்தோம். ஒரு ரயிலிலும் ஏற முடியவில்லை. மூன்றாவது நாள் அப்பா ஒரு ஜன்னல் வழியே தங்கையையும் என்னையும் உள்ளே திணித்து, அம்மாவை யார் யாரையோ கெஞ்சி ஏற்றினார். அவர் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். எங்கள் சாமான் பெட்டி ஸ்டேஷனிலேயே நின்றுபோயிற்று. விழுப்புரம் வருவதற்குள் எத்தனையோ முறை அம்மா என்னை எழுப்பி, அப்பா கை தெரிகிறதா பார் என்றாள். தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டு தடவை தெரியாமலேயே சொன்னேன்.

ஊர் வந்து சேர்ந்தோம். தங்கைக்கு மறுபடி காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் விட்டது. தெருவில் கேட்டவர்களுக்கு, சிங்கத்தைப் பார்த்ததாக அவள் சொன்னாள். வாலில் குஞ்சம் இருந்தது, தன்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்றெல்லாம் சொன்னாள். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

மெட்ராஸில் குண்டு எதுவும் அப்போது விழவில்லை. ஆடிக்குள் போனவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டதாகவும், சித்தியும் பிள்ளைகளும் வந்துவிட்டதாகவும் சித்தப்பா எழுதினார். அந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் அம்மாதான் வாங்கினாள். என்னைக் கூப்பிட்டு, அப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகு அவர் எதிரிலேயே படிக்கச் சொன்னாள். அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் படித்தேன், எல்லோரும் இருக்கும்போது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அப்பா மறுப்புச் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் படித்து முடித்ததும் அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள் அம்மா. பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள்.